கதவுத் தூணில் இருக்கும் ஸ்டிக்கர்

கண்ணு,

நீ அனுப்பிய வீட்டு டிரெய்லர் படம் முப்பதில் இருபது சமையலறை. நல்லாத்தான் இருக்கிறது. நீங்கள் டல்லாஸ் வீட்டைக் காலி செய்துவிட்டு டிரெய்லரிலேயே குடியிருக்கப் போவதாகச் சொன்னபோது உன் அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, இப்போது ஸ்லைடு, அதாவது நிறுத்திய பிறகு வெளியே தள்ளி அறையை அகலமாக்கும் பகுதி, எத்தனை, எந்தப் பக்கம் தள்ளும் என்று விசாரிக்கிறாள். அதனால் போகலாமா கூடாதா என்ற பேச்சை விடு. இது டிரெய்லரை இழுக்கப்போகிற வண்டியைப் பற்றி மட்டும்.

நாமக்கல்லில் இருபத்தாறு வருஷம் டிரெய்லர் ஓட்டியவனுக்கு நீங்கள் பார்த்திருக்கும் டிரெய்லரின் ஃபிஃப்த் வீல் இணைப்பு புதுசு இல்லை. டிரெய்லரின் மூக்கடியில் கிங் பின் என்ற தடித்த இரும்பு முளை, இழுக்கிற வண்டியின் பின் அச்சுக்கு மேலே அதைக் கவ்வும் தாடை, அங்கேயும் அதேதான். பம்பரில் மாட்டி இழுப்பதைவிட ஆட்டம் குறைவு, ஆனால் அந்த மூக்கின் பாரம் உங்கள் பிக்கப்பின் முதுகில்தான் உட்காரும். மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்று வை, நாலில் ஒரு பங்கு வரை போகும்.

மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கும், முக்கால் டன் ரகம் என்று சொல்லும் டீசல் பிக்கப் 18,000 பவுண்டு இழுக்கும் என்று விற்பவன் சொன்னானாம். இழுக்கும்பா, யார் இல்லை என்றது? சுமக்குமா? டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் டயர் காற்றழுத்தம் போட்ட ஸ்டிக்கர் இருக்கும், ஆளும் சரக்கும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் கூடாது என்று அதில் ஒரு எண். மாப்பிள்ளை படித்துச் சொன்னது 2,150. நீங்கள் இரண்டு பேர், பேரன், நாய், பின்னைக் கவ்வும் ஹிட்ச் மட்டுமே ஒரு 200 பவுண்டு, டூல்ஸ் பெட்டி, எல்லாம் போக 1,450 மிஞ்சினால் அதிகம். டிரெய்லரின் உச்ச எடை, அதாவது சாமானோடு சேர்த்து அனுமதித்த எடை, 14,000. அதில் ஐந்தில் ஒரு பங்கே 2,800 ஆச்சு. பாதிதான் தாங்கும்.

டிரெய்லரின் காலி எடையைக் காட்டி விற்பவன் சமாதானம் சொல்வான், கேட்காதே. ஒரு வாரம் சுற்றப் போகிறவனுக்கு வேண்டுமானால் அந்தக் கணக்கு சரி. நீங்கள் குடித்தனம் நடத்தப் போகிறீர்கள். அறுபது கேலன் தண்ணீர் நிரப்பினாலே 500 பவுண்டு, அப்புறம் அரிசி, பாத்திரம், பேரனின் சைக்கிள். உச்ச எடை எதுவோ அதை வைத்தே கணக்குப் போடு. எனக்குத் தெரிந்து அடுத்த பெரிய ரகமான ஒரு டன் வண்டி, பின்னால் ஜோடி டயர் போட்டதுதான் இதற்குப் பொருந்தும். பார்க்கிங்கில் சிரமம்தான், மைலேஜும் அடிவாங்கும். இன்னொன்று, அந்த வண்டியின் உச்ச எடையும் டிரெய்லரின் உச்ச எடையும் சேர்ந்து 26,000 பவுண்டைத் தாண்டும், டெக்சாஸில் அதற்குத் தனியாகக் கிளாஸ் ஏ லைசென்ஸ் கேட்பார்கள், சொந்த உபயோகமாக இருந்தாலும். நீயும் எடுத்துவிடு. மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் ஓட்டுவது?

ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ஒருமுறை ஓவர்லோடில் இறங்கினேன். ஓனர் ஏற்றச் சொன்னார், நானும் ஏற்றிக்கொண்டேன். பாதி இறக்கத்தில் பிரேக் கருகும் வாடை, மிதித்தால் கால் சும்மா உள்ளே போகிறது, பின்னால் சரக்கு என்னைத் தள்ளுகிறது. எப்படியோ ஓரத்து மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினேன். இதை உங்களிடம் சொன்னதே இல்லை. நீங்கள் கொலராடோ போவதாகச் சொல்கிறீர்கள், ஐசன்ஹோவர் சுரங்கம் தாண்டி டென்வர் பக்கம் இறங்குவது தொப்பூரைவிட நீளம். எக்ஸாஸ்ட் பிரேக், அதாவது புகைப் போக்கை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைப் பிடிக்கும் பிரேக், இல்லாத வண்டி வேண்டாம்.

வாங்கிய பிறகு டிரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் எடை மேடை இருக்கும். முதலில் டிரெய்லர் இல்லாமல் ஏற்று, அப்புறம் மாட்டிக்கொண்டு ஏற்று. பிக்கப்பின் இரண்டு அச்சிலும் சேர்த்து எவ்வளவு கூடுகிறதோ அதுதான் கிங் பின் வழியாக வண்டியில் இறங்கும் பாரம். மாட்டும்போது சத்தத்தை நம்பாதே, டார்ச் அடித்துக் குனிந்து பார், தாடை கிங் பின்னைச் சுற்றி மூடியிருக்க வேண்டும். அப்புறம் டிரெய்லர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஒரு இழுப்பு, அதன் பிறகுதான் டிரெய்லரின் முன்பக்கத் தாங்குகாலைத் தூக்குவது.

அம்மா கிரைண்டரை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்கிறாள், அதையும் எடையில் சேர்த்துக்கொள். அடுத்து எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் கதவுத் தூணைப் படம் எடுத்து அனுப்பு, சமையலறையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அப்பா