"உங்க நாய் ஒண்ணு இங்க நிக்குது"

ஆசிரியருக்கு வணக்கம்.

விலங்குநலத் தன்னார்வலர்களைப் பற்றிச் சென்ற இதழில் நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். கிணற்றிலிருந்து நாய்க்குட்டியைத் தூக்கும் அந்தப் படம் நன்றாக இருந்தது. ஒன்பது வருடமாக இதே வேலையில் அலைகிறவள் என்ற முறையில் சந்தோஷம்தான். ஆனாலும் கட்டுரையைப் படிக்கிறவர்களுக்கு, நாங்கள் தீயணைப்பு நிலையத்தின் கிளை ஒன்றை நடத்துவதாகத்தான் தோன்றும். அந்த எண்ணம் ஏற்கெனவே ஊரெல்லாம் இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும்: "மேடம், உங்க நாய் ஒண்ணு எங்க கேட் பக்கம் நிக்குது, வந்து கூட்டிட்டுப் போங்க." அது எங்கள் நாய் இல்லை. நாலு பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினால் போதும், அந்த வட்டாரத்தில் நாலு காலில் நடக்கும் எல்லாம் அவர்கள் பெயருக்கு எழுதப்பட்டுவிடும். விசாரித்துப் பார்த்தால், கேட் பக்கம் நிற்கும் நாய் பெரும்பாலும் அடுத்த தெருவில் யாரோ ஆசையாக வாங்கி வளர்த்ததாக இருக்கும். இல்லையென்றால் அப்படி ஒன்றின் குட்டியாக இருக்கும்.

எங்கள் வேலையில் பெரும்பகுதி படம் எடுக்கத் தகுதியில்லாதது. பூனையைக் கூடையில் போட்டு, மேலே ஒரு துணியைச் சுற்றி, கருத்தடைக்குக் கொண்டுபோய்க் காட்டி, மறுபடி கொண்டுவந்து விடுவது. அதைவிடச் சிரமம் அந்த வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைப்பது. "பாவம், ஒரு தடவையாவது குட்டி போடட்டுமே" என்பார்கள். ஒரு தடவை குட்டி போடுவதால் அதன் உடம்புக்கு ஒரு நன்மையும் கிடையாது. கருத்தடை செய்யாமல் விட்ட பெண் நாய்களுக்கு வயதான பிறகு கர்ப்பப்பையில் சீழ் பிடித்து, நள்ளிரவில் மருத்துவரைத் தேடி ஓடியதுதான் எங்கள் அனுபவம். பூனையோ நாலு, ஐந்து மாதத்திலேயே சினைப்படும், ஒன்பது வாரத்தில் ஈனும், குட்டிகள் பால் மறக்கும் முன்பே அடுத்த ஈற்றுக்குத் தயாராகிவிடும். நாம் யோசித்து முடிப்பதற்குள் கூடையில் நாலு தலை எட்டிப் பார்க்கும்.

தெருவில் திரியும் பூனைக்கோ நாய்க்கோ காது நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால் யாரோ கொடுமை செய்துவிட்டார்கள் என்று எங்களிடம் சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு. கருத்தடை ஆகிவிட்டது என்பதற்கான அடையாளம் அது. மயக்கத்தில் இருக்கும்போதே செய்துவிடுவார்கள். அதே உயிரை மறுபடி பிடித்து, மறுபடி வயிற்றைக் கிழித்துப் பார்க்கக் கூடாதே என்பதற்காகத்தான்.

வெறிநோய்த் தடுப்பூசிக்கும் இதே பாடுதான். மனிதருக்கு வரும் ரேபிஸில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய் வழியாக வருவது. ஒரு பகுதியிலுள்ள நாய்களில் 70 சதவீதத்துக்குத் தொடர்ந்து ஊசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் எந்தத் தெருவில் எத்தனை நாய், எது பிஸ்கட்டுக்கு வரும், எது சணல் சாக்கைக் கண்டாலே ஓடிவிடும் என்பதெல்லாம் எந்த அலுவலகக் கோப்பிலும் இருக்காது. தினமும் சோறு வைக்கும் ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆளைக் கண்டுபிடித்து ஊசி போடுகிறவரிடம் சேர்த்து வைப்பதுதான் எங்கள் வேலை. தரகு வேலை என்றுகூடச் சொல்லலாம்.

தத்துக் கொடுக்கும்போது நாங்கள் நிறையக் கேள்வி கேட்கிறோம் என்று கோபம் இருக்கிறது. "பொண்ணு பார்க்க வந்தாக்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டாங்க" என்று ஒருவர் எழுந்தே போய்விட்டார். வீடு சொந்தமா வாடகையா, வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள், பத்துப் பதினைந்து வருடம் வாழும் உயிர் என்பது நினைவிருக்கிறதா என்றெல்லாம் கேட்கத்தான் செய்வோம்.

இப்போது எங்களிடம் நாயை விட வருகிறவர்களுக்கும் ஒரு கேள்வி வைத்திருக்கிறோம். அதற்குக் காரணம் ஒரு கிழட்டு நாய். பதினொரு வயதிருக்கும், முகமெல்லாம் நரை, கழுத்துப்பட்டை இருந்த இடத்தில் முடி தேய்ந்து வெறும் தோல். வீடு மாறுகிறோம் என்று விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சாப்பாடு வைத்தால் தட்டுக்கு முன்னால் ஒழுங்காக உட்காரும், எச்சில் ஒழுகும், ஆனால் வாய் வைக்காது. உடம்பு சரியில்லை என்று நினைத்து ரத்தப் பரிசோதனைகூடச் செய்தோம். மூன்றாம் நாள், அதைத் தற்காலிகமாக வைத்திருந்த வீட்டுப் பெண் குழந்தை போனில் யாரிடமோ "சரி, போ" என்றாள். அந்தக் கணமே தட்டைக் காலி செய்தது. யாரோ அவ்வளவு பொறுமையாகப் பழக்கிய நாய் அது. அதனால் இப்போது நாயை ஒப்படைக்க வருகிறவர்களிடம், "சாப்பாடு வைத்ததும் என்ன சொல்வீர்கள்?" என்று எழுதி வாங்கிக்கொள்கிறோம். அதை எழுதும்போது இரண்டு பேர் மனம் மாறி நாயைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

எங்களிடமும் குறை உண்டு. எங்களுக்குள்ளேயே சண்டை, கொடுக்கவே மனசு வராமல் ஒரே வீட்டில் முப்பது பூனைகளைச் சேர்த்து வைத்து நாறடித்தவர், நோயாளிக் குட்டியின் படத்தைப் போட்டுப் பணம் வாங்கிக் கணக்குக் காட்டாதவர் எல்லாரும் இருந்திருக்கிறார்கள். அதையும் நீங்கள் எழுதியிருக்க வேண்டும்.

அப்புறம், சொல்ல வந்த விஷயம். அதே இதழின் விளம்பரப் பக்கத்தில் "30 நாள் ஆன பக் குட்டிகள் விற்பனைக்கு" என்று ஒரு கட்டம் இருந்தது. எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கவே கூடாது. எவ்வளவு வலிக்கக் கடிக்கலாம், எப்போது விட வேண்டும் என்பதைத் தாயிடமும் கூடப் பிறந்தவையிடமும்தான் அது கற்கும். குட்டிகளைக் கொல்லும் தொற்றுநோய்களான பார்வோ, டிஸ்டெம்பருக்கான ஊசிகளே பொதுவாக ஆறு வாரத்துக்கு மேல்தான் ஆரம்பமாகும். பக் என்றால், அந்தச் சப்பை மூக்கால் ஆயுள் முழுக்க மூச்சு வாங்கும் இனம் வேறு. வாங்குகிறவருக்கு இதில் எதுவும் தெரியாது. சில மாதம் கழித்து எங்களுக்குத்தான் போன் வரும்.

விளம்பரமே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் பத்திரிகை நடத்தியாக வேண்டும். எட்டு வாரம் நிரம்பாத குட்டி என்றால் அந்த விளம்பரத்தை வாங்காதீர்கள், போட்ட ஊசிகளின் விவரமும் தாயை நேரில் பார்க்கலாமா என்பதும் விளம்பரத்திலேயே இருக்கட்டும். அடுத்த இதழிலிருந்து செய்ய முடியுமா?

இப்படிக்கு,
ஒரு வாசகி