மார்ச் 7 வாசிப்பு நிகழ்வு: பெர்பெத்துவாவும் அவர் தந்தையும்

அன்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

வரும் மார்ச் 7 அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில், ஒன்பதாம் வகுப்பு மாணவியர் புனித பெர்பெத்துவா, புனித பெலிசித்தா ஆகிய மறைசாட்சிகளின் (நம்பிக்கைக்காக உயிர்துறந்தவர்களின்) வரலாற்றை வாசித்து வழங்க இருக்கிறார்கள். ஈஸ்டருக்கு முந்தைய இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பில் பாடப்படும் புனிதர் மன்றாட்டுமாலையில் இவ்விரு பெயர்களையும் உங்களுள் பலர் கேட்டிருப்பீர்கள். ஆனால் இவர்கள் விழா பெரும்பாலும் தவக்காலத்தில் வருவதால், தேரும் கொடியேற்றமும் இல்லாமல் அமைதியாகக் கடந்துவிடுகிறது. வீட்டில் உள்ள பழைய பூசைப் புத்தகத்தில் மார்ச் 6 என்று இருந்தால் குழம்ப வேண்டாம். புனித தாமஸ் அக்குவினாஸ் விழாவும் மார்ச் 7 அன்றே வந்ததால் 1908இல் ஒரு நாள் முன்னே நகர்த்தப்பட்ட இவர்கள் விழா, 1969இல் மீண்டும் மார்ச் 7க்கே வந்து சேர்ந்தது.

கி.பி. 203இல், இன்றைய துனிசியாவில் உள்ள கார்த்தேஜ் நகரில், ரோமைப் பேரரசர் செப்டிமியுஸ் செவேருஸின் ஆட்சிக்காலத்தில், கிறிஸ்தவர்கள் என்பதற்காக இவர்கள் சிறைப்பட்டு உயிர்துறந்தார்கள். பெர்பெத்துவாவுக்கு வயது 22; நல்ல குடும்பத்தில் பிறந்து, கல்வி கற்று, மணமாகி, கையில் பால்குடி மறவாத குழந்தையோடு இருந்தவர். பெலிசித்தா அடிமைப்பெண், சிறையில் இருந்தபோது எட்டு மாதக் கர்ப்பிணி. கைதானபோது பெர்பெத்துவா இன்னும் திருமுழுக்குக்கூடப் பெறவில்லை. காவலில் இருந்த நாட்களில்தான் பெற்றார். சிறையில் நடந்ததை அவர் தம் கையாலேயே எழுதி வைத்தார். கிறிஸ்தவப் பெண் ஒருவர் எழுதி நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் மிகப் பழமையானவற்றில் ஒன்று அந்தக் குறிப்பு. மாணவியர் வாசிக்கப்போவது பெரும்பாலும் அதிலிருந்துதான்.

நான் இக்கடிதத்தை எழுதக் காரணம் அந்தக் குறிப்பில் வரும் தந்தை. கிறிஸ்தவரல்லாத அவர், மகளை எப்படியாவது மீட்டுவிட வேண்டும் என்று மீண்டும் மீண்டும் வருகிறார். முதல் முறை வந்தபோது, அங்கே இருந்த ஒரு குடத்தைக் காட்டி, "அப்பா, இதைக் குடம் என்பதல்லாமல் வேறு பெயரால் அழைக்க முடியுமா?" என்று மகள் கேட்கிறார். முடியாது என்கிறார் தந்தை. "அப்படியே நானும் கிறிஸ்தவள் என்பதைத் தவிர வேறொன்றாக என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது" என்கிறார் மகள். எங்கள் முதல் ஒத்திகையில் இந்தத் தந்தை கூச்சலிட்டுக் கையை ஓங்கும் கொடியவராகவே காட்டப்பட்டார். பார்த்துக்கொண்டிருந்த சிறுமிகள் சிரித்தார்கள். அன்றே அந்தப் பகுதியை நிறுத்தி, மாற்றி எழுதச் சொன்னேன். ஏனெனில் மகள் எழுதியது அப்படி இல்லை. குடத்தைப் பற்றிய பதிலைக் கேட்டுச் சினந்து தம்மேல் பாய்ந்ததை அவர் மறைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அடுத்த முறை வந்த தந்தை, உன் உடன்பிறந்தவர் எல்லாரையும்விட உன்னைத்தானே மேலாக வளர்த்தேன், என் நரைத்த தலைமீது இரக்கம் கொள் என்று மன்றாடி, அவர் கைகளை முத்தமிட்டு, காலடியில் விழுந்து, 'மகளே' என்று அழைக்காமல் 'அம்மணி' என்று அழைத்ததையும் அவரே எழுதியிருக்கிறார். விசாரணை மன்றத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்ததும் அந்தத் தந்தைதான். ஆளுநர் பொறுப்பில் இருந்த ஹிலாரியானுஸ் அவரைப் பிரம்பால் அடிக்க ஆணையிட்டபோது, அந்த அடி தம்மேல் விழுந்ததுபோல் வலித்ததாக மகள் குறிப்பிடுகிறார். நம்பிக்கையில் கடுகளவும் தளராத ஒருவர், தம்மைத் தடுத்தவரின் துயரத்தை இவ்வளவு அன்போடு பதிவு செய்திருக்க, நாம் அந்தத் தந்தையைக் கேலிப்பொருளாக்கினால் அது புனிதருக்கே நாம் செய்யும் அநீதி.

இறுதிப் பகுதியைச் சுருக்கமாகவே வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். கர்ப்பிணிகளுக்கு மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது என்பது அக்காலச் சட்டம். ஆனால் தண்டனை நாளுக்கு முன்பே பெலிசித்தா சிறையில் பெண் குழந்தை பெற்றார்; அக்குழந்தையைக் கிறிஸ்தவச் சகோதரி ஒருவர் வளர்த்தார். பேரரசரின் மகன் கெத்தாவின் பிறந்தநாளை ஒட்டி நடந்த விளையாட்டரங்கில் வெறிபிடித்த பசு ஒன்று இவ்விருவரையும் முட்டித் தள்ளியது. எழுந்த பெர்பெத்துவா, கிழிந்த ஆடையைச் சரிசெய்து, அவிழ்ந்த கூந்தலை முடிந்துகொண்டார். விரிந்த கூந்தல் துக்கத்தின் அடையாளம் அல்லவா! பிறகு கீழே கிடந்த பெலிசித்தாவைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். சீமாட்டியும் அடிமையும் அருகருகே நின்ற அந்தக் காட்சியை மாணவியர் நிதானமாக, இரு முறை வாசிப்பார்கள்.

ரோமைத் திருச்சபையின் 354ஆம் ஆண்டு நாள்காட்டியிலேயே இவர்கள் பெயர் இருக்கிறது. புனித அகுஸ்தீன் இவர்கள் விழாவில் மறையுரை ஆற்றியிருக்கிறார். இரு பெயர்களையும் சேர்த்தால் 'நிலையான பேரின்பம்' என்று பொருள்படுவதை அவர் எடுத்துச் சொல்லி மகிழ்ந்தார்.

பிற சமயக் குடும்பங்களின் பிள்ளைகள் வழிபாட்டில் பங்கேற்க வேண்டிய கட்டாயம் இல்லை. விரும்பினால் வாசிப்பை மட்டும் கேட்கலாம்.

ஒரு வேண்டுகோள். தந்தை பேசும் பகுதியை மாணவி ஒருவர் வாசிப்பதைவிட, நம் மாணவியரின் தந்தையருள் ஒருவர் வந்து வாசித்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். எந்தச் சமயத்தவராக இருந்தாலும் தடையில்லை. முன்வருபவர்கள் மார்ச் 3ஆம் தேதிக்குள் வகுப்பாசிரியரிடம் தெரிவிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்