புல்வெளிக்கும் ஒரு கணக்கு வேண்டும்: வனத்துறைக்கும் நிதித்துறைக்கும் திறந்த மடல்

மதிப்பிற்குரிய வனத்துறை, நிதித்துறைச் செயலாளர்களுக்கு,

வணக்கம். கொடைக்கானல் இருக்கும் பழனி மலையின் மேல்பகுதியில் சீகை (வாட்டில் என்ற வெளிநாட்டு மரம்) மரங்களை அகற்றிப் பழைய புல்வெளியை மீட்க வேண்டும் என்று யார் கேட்டாலும், முதலில் வருவது பணக் கேள்விதான். வெட்டிய மரம் என்ன விலைக்குப் போகும், ஆட்கூலி எவ்வளவு ஆகும் என்பதை எளிதாக எழுதிவிடலாம். புல்வெளி திரும்பி வந்தால் அரசுக்கும் மக்களுக்கும் என்ன கிடைக்கும் என்பதை எழுதத்தான் நம்மிடம் எண் இல்லை. எண் இல்லாத வரவு நிதித்துறைக் கணக்கில் பூஜ்யமாகிவிடுகிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

காட்டுக்கு விலை போடுவது நமக்குப் புதிதல்ல. இந்தியாவில் அது தொடங்கியதே நம் மாநிலத்து மலையில்தான். நீலகிரியின் கூடலூர்ப் பகுதியில் காட்டு மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து 1995-ல் கோதவர்மன் திருமுல்பாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த ஒரு வழக்கு நாடு முழுவதற்குமான வன வழக்காக வளர்ந்தது. வன நிலத்தை வேறு வேலைக்கு எடுப்பவர், அந்தக் காடு தரும் தண்ணீர், மண், கரிமம் எல்லாவற்றுக்கும் சேர்த்து நிகர நிகழ்கால மதிப்பு என்ற தொகையைக் கட்ட வேண்டும் என்ற விதியும் அந்த வழக்கில் பிறந்ததுதான். அதை எப்படிக் கணக்கிடுவது என்று ஆராயப் பொருளாதார அறிஞர் காஞ்சன் சோப்ரா தலைமையில் குழு போட்டார்கள். 2008-ல் நீதிமன்றம் ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் ரூபாய் வரை நிர்ணயித்தது. 2022-ல் அது உயர்த்தப்பட்டது.

காட்டுக்கு விலையே இல்லை என்றிருந்த நாட்டில் இது பெரிய முன்னேற்றம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த விலை எதை வைத்து ஏறி இறங்குகிறது என்று பாருங்கள். காட்டு வகைக்கு அடுத்தபடியாக, மரக்கிளைகள் எவ்வளவு அடர்த்தியாக வானத்தை மறைக்கின்றன என்பதை வைத்துத்தான். அடர்ந்திருந்தால் விலை அதிகம், திறந்திருந்தால் குறைவு. மரமே இல்லாமல் பல்லாயிரம் ஆண்டுகளாக இருந்துவரும் மலைப் புல்வெளிக்கு அந்த அட்டவணையில் தனி இடம் இல்லை. இந்திய வன அளவை நிறுவனமும் செயற்கைக்கோள் படத்தில் எந்த மரம் என்று பார்க்காமல்தான் வனப்பரப்பைக் கணக்கிடுகிறது. இந்த மலைக்கே உரிய சோலைக்காட்டு மரமும் வனப்பரப்பு, சீகைத் தோப்பும் வனப்பரப்பு. சரணாலயத்துக்குள் ஐந்து மடங்கு கட்ட வேண்டும் என்ற விதி நல்லதுதான். ஆனால் எந்த எண்ணை ஐந்தால் பெருக்குகிறோம் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

இதன் விளைவு சின்னதல்ல. 1973-க்கும் 2014-க்கும் இடையில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு 2018-ல் வெளியானது. புல்வெளியை விழுங்கியவை முக்கியமாக மரத்தோட்டங்களும் விவசாயமும். அந்த நாற்பது வருடமும் நம் பதிவேட்டில் இது இழப்பாக ஏறவில்லை.

மன்னவனூர்ப் பக்கம் மிச்சமிருக்கும் புல்மேட்டில் நடந்து பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை. மழை நின்று பல நாள் ஆன பிறகும் புல் தூரைப் பிரித்தால் அடிமண் கறுப்பாக, ஈரமாக இருக்கும். இரண்டு மேடு சேரும் மடிப்பில் சேறும் சதுப்புமாக ஓர் இடம், அதிலிருந்து விரல் தடிமனில் ஓடை. அப்படியே பக்கத்துச் சீகைத் தோப்புக்குள் போனால் காலடியில் சருகு, குச்சி, ஆள் நுழைய முடியாத நெருக்கத்தில் நாற்றுகள். அங்கே புல் இல்லை. அந்த விரல் தடிமன் ஓடைகள்தான் சேர்ந்து வடக்கே அமராவதிக்கும் தெற்கே வைகைக்கும் போகின்றன. பெரியகுளத்துக்குக் குடிநீர் பேரிஜம் ஏரியிலிருந்து இறங்குகிறது. கீழே குழாயைத் திறப்பவர் மேலே உள்ள புல்லுக்கு ஒரு பைசா கொடுப்பதில்லை, கொடுக்க வழியும் இல்லை. பொதுப் பண்டம் என்று பொருளாதாரத்தில் சொல்வது இதைத்தான். யாரையும் விலக்க முடியாததால் யாரும் விலை கொடுப்பதில்லை. அரசு கணக்கு எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை.

இதை அளக்க முடியாது என்று சொல்லாதீர்கள். நீலகிரியில் அளந்திருக்கிறார்கள். ஊட்டியில் உள்ள மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் கிளன்மார்கனில் ஒரே மாதிரியான இரண்டு சின்ன நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டது. ஒன்றை இயற்கையாக விட்டு, மற்றொன்றின் புல்வெளியில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டு, இரண்டின் ஓடையிலும் வருடக்கணக்கில் தண்ணீரை அளந்தது. மரம் நட்ட பக்கத்தில் ஓடும் தண்ணீர் முதல் சுற்றில் சுமார் 16 சதவீதமும், வெட்டி மறுபடி துளிர்த்த இரண்டாம் சுற்றில் சுமார் 25 சதவீதமும் குறைந்தது. பழனி மலைச் சீகைக்கும் இதே எண் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். மரம் வேறு, மழை வேறு. அதனால்தான் இங்கேயும் அளக்கச் சொல்கிறேன்.

மதிப்பிட வேறு முறைகளும் உண்டு. ஓர் இடத்தைப் பார்க்க மக்கள் எவ்வளவு தூரம் வருகிறார்கள், என்ன செலவழிக்கிறார்கள் என்பதை வைத்து அந்த இடத்தின் மதிப்பைக் கணக்கிடலாம். ஹோட்டலிங் என்ற பொருளாதார அறிஞர் 1947-ல் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறைக்குச் சொன்ன யோசனை அது. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்துவிட்டதால் அதற்கான தரவு இப்போது அரசின் கையிலேயே இருக்கிறது. பெயர், தொலைபேசி எண்களை நீக்கிவிட்டு ஆய்வாளர்களுக்குக் கொடுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். அந்த முறையில் வண்டி குவியும் இடத்துக்குத்தான் மதிப்பு ஏறும். யாரும் எட்டிப் பார்க்காத ஒரு சரிவு, கீழே ஒரு ஊருக்கே தண்ணீர் கொடுத்தாலும் ஒன்றுமில்லாமல் போய்விடும். மக்களிடமே போய், இதைக் காப்பாற்ற எவ்வளவு தருவீர்கள் என்று கேட்கும் முறையும் இருக்கிறது. அதில் இல்லாதவரின் பதில் அவர் கையில் இருக்கும் காசுக்கு மேல் போகாது. மலைப் பழங்குடியான பளியர் குடும்பத்துக்கும் விடுதி முதலாளிக்கும் அந்த ஒரே கேள்வியை வைப்பது நியாயமில்லை. என்னைக் கேட்டால், தண்ணீரிலிருந்து தொடங்குவதே நேர்மை. கோடையில் லாரித் தண்ணீருக்கு ஜனங்கள் கொடுக்கும் காசு, ஓடை வற்றுவதன் விலையை ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சீகையை வெட்டிவிட்டுப் போனால் புல் வந்துவிடாது. அதன் விதை பல பத்தாண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும், தீ பட்டால் இன்னும் வேகமாக முளைக்கும். மரம் விற்ற பணம் முதல் வருடமே வந்துவிடும், நாற்றுப் பிடுங்கும் கூலி அப்புறம் வருடாவருடம் வேண்டும். மரத்துக்கு மட்டும் கணக்குப் போட்டால் இரண்டாம் வருடமே வேலை நின்றுவிடும். அதேபோல, பழைய தோட்டங்களின் நிழலில் சோலைக் கன்றுகள் தானாக எழுந்திருக்கும் இடங்களில் கோடரி வைக்க வேண்டாம். அவை சோலையாகவே வளரட்டும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். அடுத்து எந்தச் சரிவில் சீகையை அகற்ற முடிவு செய்தாலும், வெட்டுவதற்கு முன்பே அதன் ஓடையிலும், வெட்டாத பக்கத்து ஓடையிலும் நீரளவுத் தடுப்பு கட்டி, குறைந்தது ஒரு முழு வருடம் அளந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அளவீட்டை மாதாமாதம் பொதுவில் வெளியிடுங்கள். அந்த ஓடைகளை அறிந்த உள்ளூர்க்காரர்களுக்கே அளக்கும் வேலையைச் சம்பளத்தோடு கொடுங்கள். நாற்றுப் பிடுங்கும் செலவைப் பத்து வருடத்துக்கு முன்கூட்டியே ஒதுக்குங்கள். நிகர நிகழ்கால மதிப்பு அட்டவணை அடுத்த முறை திருத்தப்படும்போது, மலைப் புல்வெளிக்குத் தனி வகுப்பு கேட்டு ஒன்றிய அரசுக்குத் தமிழ்நாடு எழுதட்டும். அந்தக் கடிதத்தோடு இணைக்க நம் ஓடைகளில் எடுத்த அளவு அப்போது கையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பழனி மலைக்காரன் ஒருவன்