கணக்கு வழியாக வந்த கால்பந்து

ஆசிரியருக்கு,

வணக்கம். புதிதாகக் கால்பந்து பார்க்க வருபவர்கள் எந்த கிளப்பை ஆதரிக்கலாம் என்று உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எத்தனை கோப்பை, யார் நட்சத்திரம், முதலாளி எப்படி, ஆட்டம் எப்படி என்று நான்கையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார் கட்டுரையாளர். அந்த வழியில் போயிருந்தால் நான் இன்றுவரை எந்த கிளப்பிலும் ஒட்டியிருக்க மாட்டேன்.

எனக்கு 63 வயது. 34 ஆண்டுகள் கணக்குத் தணிக்கை பார்த்தவள். பந்தைக் காலால் தொட்டதில்லை. ஆஃப்சைடு என்று கொடி தூக்கினால், ஏன் என்று இப்போதும் பக்கத்தில் யாராவது சொல்ல வேண்டும். 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை அண்ணன் மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். அர்ஜென்டினாவும் பிரான்ஸும் 3-3 என்று இழுபறியில் நின்று, பெனால்ட்டியில் முடிந்ததே, அதுதான். பிடித்துப்போயிற்று. "உலகக் கோப்பை நாலு வருஷத்துக்கு ஒருதரம்தான் அத்தை, வாராவாரம் பார்க்க ஒரு கிளப் வேணும்" என்றாள். அவள் லிவர்பூல் ரசிகை. என்னையும் அந்தப் பக்கம் இழுக்க 2005 இஸ்தான்புல் இறுதி ஆட்டத்தைப் போட்டுக் காட்டினாள். பாதி நேரத்தில் மிலானிடம் 0-3, கடைசியில் கோப்பை லிவர்பூலுக்கு. அபாரம்தான். ஆனாலும் முடிவு தெரிந்த ஆட்டம் கையெழுத்துப் போட்டு மூடிய கோப்பு மாதிரி; அதில் எனக்கு வேலை எதுவும் இல்லை.

ஓராண்டு அப்படியே எல்லாருக்கும் பொதுவாகக் கைதட்டிக்கொண்டிருந்தேன். 2023 நவம்பரில் ஒரு நாள் தொலைபேசியில் ஒரே சிரிப்பு. "அத்தை, உங்க ஆளுங்க வேலைதான்! நஷ்டக் கணக்கு ஜாஸ்தின்னு எவர்ட்டனுக்குப் பத்துப் புள்ளியை வெட்டிட்டாங்க."

கணக்குக்காகப் புள்ளியா! நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான்.

எவர்ட்டன், லிவர்பூல் இருக்கும் அதே ஊர்க் கிளப். இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீகில் அப்போதிருந்த விதிப்படி, ஒரு கிளப் மூன்று ஆண்டுகளில் அதிகபட்சம் 10.5 கோடி பவுண்டு வரை நஷ்டம் காட்டலாம். எவர்ட்டனின் நஷ்டம் 12.45 கோடி என்று தீர்மானித்தது தனி ஆணையம். விசாரணையில் அடிபட்டவற்றில் ஒன்று, அவர்கள் கட்டிக்கொண்டிருந்த புதிய மைதானமும் கடன் வட்டியும். வட்டியை அந்த ஆண்டின் செலவில் எழுதுவதா, கட்டடத்தின் மதிப்பில் ஏற்றுவதா? இந்தச் சண்டையை நான் எத்தனை மேஜைகளில் பார்த்திருக்கிறேன்! தீர்ப்பைப் பற்றி எனக்கு மனக்குறை இல்லை. வரம்பு வரம்புதான். ஆனால் பற்று எழுதியவர்கள் அறைக்குள் இருந்தார்கள். அதை நேர்செய்ய வேண்டியவர்களோ மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எப்படி ஓடுகிறார்கள் என்று பார்க்க உட்கார்ந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

12 ஆட்டங்களில் சேர்த்த 14 புள்ளி ஒரே நாளில் 4 ஆகி, 20 அணிகளில் 14-ஆம் இடத்திலிருந்து 19-க்கு இறங்கினார்கள். அடுத்த ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 0-3. பிறகு டிசம்பரில் வரிசையாக ஃபாரஸ்ட், நியூகாசில், செல்சி, பர்ன்லி என்று நான்கு வெற்றி. ஒரு கோல்கூட வாங்கவில்லை. 4 புள்ளி 16 ஆனது. நான் ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு எழுதத் தொடங்கினேன்: ஆடிச் சம்பாதித்தது ஒரு பக்கம், கையில் தங்கியது மறுபக்கம். மேல்முறையீட்டில் 10 என்பது 6 ஆகக் குறைந்தது. ஏப்ரலில் அடுத்த கணக்குக்காக இன்னும் 2 போயிற்று. இதற்கிடையில் டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை லீகில் ஒரு வெற்றிகூட இல்லை. செல்சியிடம் 0-6 வேறு, அதில் பால்மர் ஒருவர் மட்டுமே 4 கோல். அந்த ராத்திரி தாளைக் கிழித்துவிடலாமா என்றிருந்தது. ஒன்பது நாள் கழித்து தங்கள் சொந்த மைதானமான குடிசன் பார்க்கில் லிவர்பூலை 2-0 என்று சாய்த்தார்கள். 2010-க்குப் பிறகு அந்த மைதானத்தில் லிவர்பூலுக்கு எதிராகக் கிடைத்த முதல் வெற்றி. அண்ணன் மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பழைய ஏடுகளைப் புரட்டியது அதற்குப் பின்னால்தான். லிவர்பூலின் ஆன்ஃபீல்டு முதலில் எவர்ட்டன் ஆடிய மைதானமாம். 1892-இல் வாடகைத் தகராறு வந்து, பக்கத்துப் பூங்காவுக்கு அந்தப் புறம் இருந்த குடிசன் பார்க்குக்கு எவர்ட்டன் குடிபோக, காலியான இடத்துக்காகப் பிறந்த கிளப் லிவர்பூல். ஆக, தொடக்கமே ஒரு கணக்கு வழக்கு! இன்னொன்றும் கண்ணில் பட்டது. 1920 டிசம்பர் 26 அன்று அதே குடிசன் பார்க்கில் டிக் கெர் பெண்கள் அணி ஆடியதைப் பார்க்க வந்தவர்கள் 53,000 பேர். அடுத்த டிசம்பரிலேயே, பெண்களுக்கு மைதானம் தரக்கூடாது என்று தன் கிளப்புகளுக்குத் தடை போட்டது இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம். ஏறக்குறைய ஐம்பது ஆண்டு நீடித்தது அது. 2025-இல் ஆண்கள் அணி புது மைதானத்துக்குப் போய்விட்டது. குடிசன் பார்க் இப்போது எவர்ட்டன் பெண்கள் அணியின் வீடு. இது தெரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கட்டுரையாளரின் நான்கு கேள்விகளில் ஒன்றுகூட என்னை இங்கே கொண்டுவந்திருக்காது. எவர்ட்டன் கடைசியாகப் பெரிய கோப்பை வாங்கியது 1995-இல். கோப்பையைப் பார்த்து வருபவர் 2016-இல் லீகை வென்ற லெஸ்டரோடு சேர்ந்திருந்தால் 2023-இல் அவர்களோடேயே இரண்டாம் பிரிவுக்கு இறங்கியிருப்பார். அப்போது கூட இருக்க அவருக்கென்று ஒரு காரணம் வேண்டாமா? கட்டட வேலை தெரிந்தவருக்கு யூனியன் பெர்லின் பிடிக்கலாம். 2008-09-இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் சிமென்ட் சட்டி தூக்கி மைதானத்தைப் புதுப்பித்த கிளப் அது. வீட்டை இழந்தவருக்கு லண்டனின் விம்பிள்டன் கிளப் கதை உடனே புரியும். 2002-இல் கிளப்பை மில்டன் கீன்ஸ் என்ற வேறு ஊருக்குக் கொண்டுபோக அனுமதி கிடைத்ததும், ரசிகர்கள் தாங்களே புதிய கிளப் தொடங்கி அடிமட்ட லீகிலிருந்து ஏறி, 2020-இல் பழைய பேட்டைக்கே திரும்பினார்கள். அவரவர் பிழைப்பிலேயே ஒரு வாசல் இருக்கிறது. புதியவர்களிடம் "உனக்கு என்ன வேலை தெரியும்?" என்று கேட்டுவிட்டு அப்புறம் கிளப் பெயரைச் சொல்லலாம்.

கடைசியாக உங்களுக்கு ஒரு விண்ணப்பம். புள்ளிப் பட்டியலில் முதல் ஆறு இடங்களை மட்டும் அச்சிடுகிறீர்கள். என்னைப் போன்றவர்களுக்கு வேண்டிய கதையெல்லாம் அதற்குக் கீழேதான் நடக்கிறது. 20 வரியும் போடுங்கள். புள்ளி வெட்டியிருந்தால் ஒரு நட்சத்திரக் குறியிட்டு, எத்தனை, எதற்காக என்று அடியில் ஒரு வரி சேருங்கள். அந்த சீசனை எவர்ட்டன் முடித்ததுபோல 13 வெற்றி (தலா 3 புள்ளி), 9 டிரா (தலா 1), மொத்தம் 40 புள்ளி என்று அந்தக் குறி இல்லாமல் அச்சானால், கூட்டல் தப்பு என்று மறுநாளே உங்களுக்குக் கடிதம் போடுபவள் நானாகத்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தணிக்கையாளர் ஒருவர்
(உங்கள் நெடுநாள் வாசகி)