அப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் திருப்பித் தந்தவருக்கு

போன செவ்வாய்க்கிழமை கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் ஒரு மஞ்சப்பையை மறந்து வைத்துவிட்டேன். உள்ளே அப்பாவின் ராணுவ டிஸ்சார்ஜ் புத்தகம், அம்மாவின் குடும்ப ஓய்வூதியத் தாள்கள், ஒரு பழைய போட்டோ. இரண்டு மணி நேரம் கழித்துப் பதறிக்கொண்டு ஓடினால், டீக்கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். "வேட்டி கட்டின பெரியவர் ஒருத்தர் குடுத்துட்டு தருமபுரி பஸ் ஏறிட்டாருங்க. பேர் சொல்லல" என்றார்.

ஐயா, அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. போட்டோவை மட்டும் தனியாக எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, நான்காக மடித்த தினத்தாளுக்குள் வைத்திருந்தீர்கள். அதைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

அது மாங்கனிக் கண்காட்சியில் எடுத்தது. அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட். குன்னூர் பக்கத்து வெலிங்டனில் பயிற்சி, அப்புறம் எங்கெங்கோ வடக்கே. லீவு மாம்பழ சீசனில் கிடைத்தால் எங்களுக்கு அதுதான் திருவிழா. முதல்நாள் கேஆர்பி அணைப் பூங்காவில் சறுக்குமரம், மறுநாள் ராட்டினம். ராட்டினம் உச்சிக்குப் போனதும் நான் கண்ணை மூடிக்கொள்வேன். அப்பா என் கையை இறுக்கிப் பிடித்து, "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு!" என்று அவர்கள் ரெஜிமென்டின் போர் முழக்கத்தைக் கத்துவார். நானும் கத்துவேன். பயம் போய்விடும்.

அப்பாவும் நானும் சேர்ந்து நிற்கும் ஒரே படம் அது. இப்போது அம்மாவின் தலைமாட்டில் இருக்கிறது. தருமபுரிப் பக்கம் இருந்தால் ஒரு தகவல் சொல்லுங்கள் ஐயா, அம்மா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்.