தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டிலேயே கட்டிய ஸ்போர்ட்ஸ் கார் ஒருமுறை மோதினால் காயலான் கடைக்குத்தான் என்று போன ஞாயிறு மலரில் எழுதியிருந்தீர்கள். பெங்களூரு அல்சூரில் 35 வருடமாக ஃபைபர் கிளாஸ் வேலை செய்கிறவன் நான். தொழில் பழகியதே டால்பின் காரில்தான். 1982ல் இதே ஊர்க் கம்பெனி கொண்டுவந்த அந்த ஃபைபர் காரை எங்கேயாவது இடித்துக்கொண்டு வருவார்கள், ஒட்டி அனுப்புவோம்.

போன ஆடியில் ஒரு தம்பி, கோயம்புத்தூர் கரி ரேஸ் டிராக்கில் தடுப்பில் இடித்த வண்டியை மினி லாரியில் ஏற்றி வந்தார். லோட்டஸ் செவன் என்கிற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் மாதிரியில் சதுரக் குழாயைத் தானே வெல்டிங் வைத்துச் செய்தது, மாருதி எஸ்டீம் எஞ்சின். மூக்கு நொறுங்கிப்போய், துண்டுகளை அரிசிச் சாக்கில் கட்டி வைத்திருந்தார். முகம் செத்துப்போயிருந்தது. எனக்கோ சாக்கைப் பார்த்ததும் தெம்பு வந்துவிட்டது. துண்டுகள் இருந்தால் போதும், பொருத்தி வைத்து உள்பக்கம் தேய்த்து, ஃபைபர் மேட் விரிப்பும் ரெசின் பசையும் போட்டு எழுப்பிவிடலாம்.

பயம் சேஸியில்தான், அந்தக் குழாய்ச் சட்டத்தில். அதில் பெயின்ட் கூடப் பெரிதாக உரியவில்லை. முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் மாட்டுகிற நான்கு பிராக்கெட்டிலிருந்தும் கொத்தனார் தூக்குக்குண்டை விட்டு, தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்தேன். மூலைக்கு மூலை குறுக்களவு இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். 9 மில்லி வித்தியாசம் வந்தது. கேஸில் காய்ச்சி இழுத்துவிடலாமே என்றார் தம்பி. கூடவே கூடாது. காய்ச்சி நிமிர்த்திய மெல்லிய குழாய் பார்வைக்கு நேராக இருக்கும், அடுத்த இடியில் அங்கேயே மடங்கும். மடங்கியதை வெட்டியெடுத்து, உள்ளே ஸ்லீவ் என்கிற இணைப்புத் துண்டு விட்டுப் புதுக் குழாய் வைத்தோம். 25 மில்லி சதுரம், 1.6 மில்லி கனம், எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கிற சரக்கு.

சேஸியை அளவு பிசகாமல் வைத்து வெல்டிங் செய்த பலகை மேடை எங்கே என்று கேட்டேன். "பலகையைக் கட்டிலுக்குப் போட்டுவிட்டேன் அண்ணா" என்றார்! அது இருந்திருந்தால் அதிலேயே உட்காரவைத்து இரண்டு நாளில் அளவு பிடித்திருக்கலாம். 11 நாள் ஆனது.

ஸ்டீயரிங் ராக், சக்கரம் மாட்டுகிற முன் ஹப், சீட் பெல்ட் மூன்றும் கண்ணுக்கு நன்றாகவே இருந்தன. இடி வாங்கியதில் உள்ளே என்ன ஆனதோ தெரியாது, மாற்றச் சொல்லிவிட்டேன். கால் வைக்கிற பெட்டியின் குழாய் உள்ளே நகர்ந்திருந்தால், வேறு சேஸி கட்டிக்கொள் தம்பி என்று நானே திருப்பி அனுப்பியிருப்பேன்.

இன்சூரன்ஸ் பற்றி நீங்கள் எழுதியது சரி. பந்தயத்துக்குச் சாதாரண பாலிசி செல்லாது, பதிவே இல்லாத வண்டிக்கு சர்வேயர் எங்கே வருவார்? ரோட்டில் ஓடுகிற காருக்குப் பழுதுச் செலவு ஐ.டி.வி.யில், அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்ட மதிப்பில், 75 சதவீதம் தாண்டினால் டோட்டல் லாஸ், மொத்தமும் போச்சு என்று எழுதிவிடுகிறார்கள். அந்தக் கணக்கையே இந்த வண்டிக்கும் போட்டுவிட்டீர்களோ என்று தோன்றுகிறது. கைக்காசு போட்டு, தானே கட்டியதைத் தானே பிரிக்கத் தெரிந்தவனுக்கு அது பொருந்துமா? என் கூலி 28 ஆயிரம், சாமான் தனி. அவ்வளவுதான்.

ஆவணியில் வண்டி ஊர் திரும்பியது. மூக்கில் மட்டும் நிறம் கொஞ்சம் ஒத்துவரவில்லை. மழை ஈரத்தில் ஜெல்கோட் என்கிற மேல்பூச்சை அடித்தது என் தப்பு.

இப்படிக்கு,
ஒரு ஃபைபர் மேஸ்திரி,
அல்சூர், பெங்களூரு.