அறுவைக்கு முன் கதிரும் நோயெதிர்ப்பு மருந்தும்: நேஷனல் கேன்சர் கிரிட்டுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியப் புற்றுநோய் மருத்துவமனைகளின் கூட்டமைப்பான நேஷனல் கேன்சர் கிரிட்டின் மதிப்பிற்குரிய ஆய்வுக் குழுவினருக்கு,

வணக்கம். தலை, கழுத்துப் புற்றுநோயில் உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலைப் புற்றின்மேல் ஏவும் நோயெதிர்ப்பு மருந்தை அறுவைக்கு முன்பே தொடங்குவது இனி வெறும் ஆய்வுப் பொருளன்று. 714 பேரைக் கொண்ட கீநோட்-689 ஆய்வை வைத்து, அறுவைக்கு முன்னும் பின்னும் பெம்புரோலிசுமாப் என்ற அவ்வகை மருந்தைக் கொடுக்க 2025 ஜூனில் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. அத்துடன் குறுகிய காலக் கதிர்வீச்சையும் சேர்த்தால் பலன் கூடுமா என்ற கேள்விக்கான விடையை, வாய்ப்புற்று மிகுந்த நம் நாட்டில்தான் தேட வேண்டும்.

அமெரிக்காவின் போர்ட்லாந்தில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், 21 பேருக்குக் கட்டியை மட்டும் குறிவைத்து மூன்று அல்லது ஐந்து வேளை கதிர் தரப்பட்டது. பெரும்பாலோருக்கு நிவோலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தும் செலுத்தப்பட்டது. அறுத்தெடுத்த திசுவைச் சோதித்தபோது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரிடம் உயிருள்ள புற்றணுவே தென்படவில்லை. வியப்புதான், ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு இருந்தது எச்.பி.வி. வைரஸ் தொடர்புடைய புற்று, இயல்பிலேயே கதிருக்கு எளிதில் அடங்குவது. நம் வார்டுகளில் படுத்திருப்பவரோ, ஆண்டுக்கணக்கில் புகையிலை அடக்கிய கன்னத்தில் கட்டி வந்து, இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்க முடியாதவர்.

கதிர்பட்டுச் சிதையும் கட்டியின் கூறுகள் கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் போய்ச் சேர்ந்தால்தான், அங்கே நோயெதிர்ப்பு அணுக்களான டி அணுக்கள் புற்றை இனங்காணப் பழகுகின்றன. கழுத்து முழுவதையும் கதிர் பாயும் பரப்பாக வரைந்தே பழகிய நம் கை, இந்த ஆய்விலாவது கணுக்களை விட்டுவைக்க வேண்டும். வழக்கமான கீமோ-கதிர்வீச்சுடன் அவெலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைச் சேர்த்த ஜாவலின் 100 ஆய்வு தோற்றதற்குக் கணுக்களையும் வாட்டியது ஒரு காரணம் என்றே நான் எண்ணுகிறேன்.

முழு அளவு மருந்தின் விலை நம் நோயாளிகளுக்கு எட்டாது. முற்றிய நோயாளிகளிடம் டாட்டா மெமோரியல் மருத்துவமனை நடத்திய ஆய்வில், வாய்வழி மாத்திரைகளுடன் வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப் சேர்ந்ததும், ஓராண்டு உயிர்வாழ்வோர் விகிதம் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 ஆக உயர்ந்தது. அறுவைக்கு முன்னும் அதே அளவு போதுமா என்பதைச் சோதித்தாக வேண்டும்.

ஆகவே, நேரடி அறுவை, குறைந்த அளவு மருந்து மட்டும், மருந்துடன் கட்டிக்கு மட்டுமான கதிர் என மூன்று பிரிவுகளாக, குலுக்கல் முறையில் ஆய்வு அமைய வேண்டுகிறேன். கட்டி சுருங்கிய பின் எங்கே வெட்டுவது என்று அறுவை மருத்துவர் திகைக்காதபடி, அதன் பழைய எல்லை முன்பே பச்சை குத்தப்பட வேண்டும். காத்திருக்கும் வாரங்களில் கட்டி வளர்ந்தால் அறுவை தள்ளிப்போகாதபடி, முதல் ஊசி போடும் நாளிலேயே அறுவைத் தேதியையும் உறுதிசெய்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
கதிர்வீச்சுச் சிகிச்சை மருத்துவர் ஒருவர்